ஆட்டோ எண்ணா, யூயூஐடியா? பதிவுகள் எங்கே உட்காருகின்றன என்று முதலில் பாருங்கள்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "புது டேபிளுக்குப் பிரைமரி கீ எதை வைப்பது? தானாக ஏறும் எண்ணா, யூயூஐடியா? யூயூஐடி என்றால் வி4-ஆ, வி7-ஆ?" பிரைமரி கீ என்பது டேபிளில் ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு. யூயூஐடி என்பது 16 பைட் அடையாள எண்; வி4, வி7 என்பவை அதை உருவாக்கும் முறைகள். மூன்று பேருமே ஒரு வாரம் விவாதித்துக் களைத்துப் போய்த்தான் வந்திருந்தார்கள். இப்படிப்பட்ட விவாதங்களின் முடிவில் பெரும்பாலும் ஃபிரேம்வொர்க் எதைக் கொடுக்கிறதோ அதுவே நின்றுவிடும். அது சரியா தவறா என்பது டேபிளில் சில கோடிப் பதிவுகள் சேர்ந்த பிறகுதான் தெரியும். அதற்குள் அந்தக் கீயைச் சுட்டிக்கொண்டு இருபது டேபிள்கள் வந்திருக்கும்.

கேட்டவர்கள் மூவரும் விட்டுவிட்டது ஒன்று உண்டு. உங்கள் டேட்டாபேஸ் பதிவுகளை வட்டில் எப்படி அடுக்குகிறது என்பதைப் பொறுத்து இதே கேள்விக்கு வேறு வேறு பதில் வரும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் பெரிய தவறாக இருப்பது போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் தாங்கக்கூடிய தவறாக இருக்கலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பவை இவை:

- ஒரு பதிவை எழுதும்போது எத்தனை பக்கங்களை (டேட்டாபேஸ் வட்டில் ஒரே தடவையில் படித்து எழுதும் துண்டுகள்) தொட வேண்டியிருக்கிறது, அவை நினைவகத்தில் இருக்குமா
- கீ எவ்வளவு இடம் பிடிக்கிறது, அதன் நகல் வேறு எங்கெல்லாம் போகிறது
- சேர்ந்து படிக்கப்படும் பதிவுகள் அருகருகே கிடக்கின்றனவா
- கீயை டேட்டாபேஸ் மட்டும்தான் உருவாக்க முடியுமா, மொபைல் செயலியோ வேறொரு சர்வரோ உருவாக்கலாமா
- கீ வெளியே தெரிந்தால் எதைக் காட்டிக்கொடுக்கிறது

முதல் மூன்றும் வேகம் சம்பந்தப்பட்டவை. அவற்றில் முதலாவதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன், காரணம் கீழே வருகிறது.

## சிட்டையும் பேரேடும்

பழைய கடைக்கணக்கில் இரண்டு நோட்டு இருக்கும். சிட்டையில் அன்றன்று நடந்த வரவு செலவை நடந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போவார்கள். பேரேட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் தனிப் பக்கம். அவரவர் கணக்கு அவரவர் பக்கத்தில் ஏறும்.

போஸ்ட்கிரஸ் டேபிளைச் சிட்டை மாதிரி வைத்திருக்கிறது. 8 கேபி பக்கங்கள்; எந்தப் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே பதிவு விழும், பெரும்பாலும் வந்த வரிசையில். இதைத்தான் ஹீப் என்கிறார்கள். பதிவைத் தேடிப் பிடிக்க உதவும் பட்டியலுக்கு இண்டெக்ஸ் என்று பெயர். பிரைமரி கீ உட்பட எல்லா இண்டெக்ஸும் தனித்தனி மரங்கள்; மேலிருந்து தளம் தளமாக இறங்கினால் கடைசித் தளத்தில் இலைகள். ஒவ்வொன்றின் இலையிலும் "இத்தனையாவது பக்கம், அதில் இத்தனையாவது இடம்" என்று 6 பைட் முகவரி இருக்கும்.

மைஎஸ்கியூஎல்லில் பதிவுகளைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி பேரேட்டு முறை. பக்கம் 16 கேபி. இங்கே டேபிள் என்று தனியாக ஒன்று கிடையாது. பிரைமரி கீ மரத்தின் இலைகளில் பதிவு முழுவதும் உட்கார்ந்திருக்கும். இதற்குப் பெயர் கிளஸ்டர்டு இண்டெக்ஸ். மற்ற இண்டெக்ஸ்களின் இலையில் முகவரிக்குப் பதிலாகப் பிரைமரி கீயின் மதிப்பே எழுதப்படும். மின்னஞ்சலை வைத்து ஒருவரைத் தேடினால் முதலில் மின்னஞ்சல் மரத்தில் இறங்கி, அங்கே கிடைத்த கீயோடு இரண்டாவது முறை பிரைமரி மரத்தில் இறங்க வேண்டும். நீங்கள் பிரைமரி கீயே வைக்காமல் விட்டால், காலியாக இருக்க அனுமதியில்லாத யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராதது) ஒன்றை அது எடுத்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத 6 பைட் எண் ஒன்றைத் தானே போட்டுக்கொள்ளும். ஏதாவது ஒரு வரிசையில் அடுக்காமல் அதற்கு வேலை ஓடாது.

ஆக, இன்னோடிபியில் கீயைத் தேர்ந்தெடுப்பது பதிவுகளின் இருப்பிடத்தையே தேர்ந்தெடுப்பது. போஸ்ட்கிரஸில் அது ஒரு மரத்தின் வடிவத்தை மட்டுமே மாற்றும்.

## ஒரே பார்வையில்

கடைசி வரி, 1 கோடிப் பதிவுகள் உள்ள போஸ்ட்கிரஸ் டேபிளின் பிரைமரி கீ இண்டெக்ஸுக்கு நான் போட்ட கணக்கு. ஏறுவரிசையில் வரும் கீக்கு இலைகள் 90 சதவீதம் நிரம்பும் (அதுதான் இயல்பு அமைப்பு), தாறுமாறாக வரும் கீக்குச் சராசரியாக 69 சதவீதம் நிரம்பும் என்று வைத்திருக்கிறேன்.

| | பிக்இன்ட் (தானாக ஏறும் 8 பைட் எண்) | யூயூஐடி வி4 | யூயூஐடி வி7 | வி4 எழுத்து வடிவில் |
|---|---|---|---|---|
| கீயின் அளவு | 8 பைட் | 16 பைட் | 16 பைட் | 36 பைட்டும் மேலும் |
| புதிய பதிவு விழும் இடம் | கடைசிப் பக்கம் | எங்கே வேண்டுமானாலும் | கடைசிப் பக்கத்தை ஒட்டி | எங்கே வேண்டுமானாலும் |
| வெளியே உருவாக்கலாமா | முடியாது | முடியும் | முடியும் | முடியும் |
| காட்டிக்கொடுப்பது | எண்ணிக்கையும் வேகமும் | ஒன்றுமில்லை | உருவான நேரம் | ஒன்றுமில்லை |
| 1 கோடிக்கு இண்டெக்ஸ் | சுமார் 214 எம்பி | சுமார் 390 எம்பி | சுமார் 300 எம்பி | சுமார் 720 எம்பி |

"யூயூஐடி வைத்தால் மரம் ஆழமாகும், அதனால்தான் மெதுவாகிறது" என்று பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 1 கோடிப் பதிவுகளுக்குப் பிக்இன்ட்டும் சரி, 16 பைட் யூயூஐடியும் சரி, மூன்று தளங்களோடு நின்றுவிடுகின்றன. அடி வாங்குவது வேறு இடத்தில்.

## தானாக ஏறும் எண்

வேகத்தை மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. புதிய கீ எப்போதும் பெரியது. மரத்தின் வலது ஓரத்துக்கே போகும். அந்த ஒரு பக்கம் எப்போதும் நினைவகத்தில் சூடாக இருக்கும். நிரம்பியதும் அடுத்த பக்கம். இன்னோடிபி இப்படி வருகிற பதிவுகளைப் பக்கத்தில் 16-ல் 15 பங்கு நிரப்பி அடுக்கும். இன்று வந்த ஐம்பது ஆர்டர்களை ஒரு திரையில் காட்ட வேண்டுமா, ஒன்றிரண்டு பக்கங்களைப் படித்தால் போதும்.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. முதலாவது, இன்ட் என்ற 4 பைட் வகை. அதன் எல்லை 214,74,83,647. சுமார் 214 கோடி என்றால் எட்டாத தூரம் போலத் தோன்றும். ஆனால் நிகழ்வுப் பதிவு டேபிள்கள் அதை எட்டியிருக்கின்றன. 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் 3 எழுத முடியாமல் படிக்க மட்டுமே முடிகிற நிலைக்குப் போனது இந்த எல்லையில் மோதித்தான். போஸ்ட்கிரஸில் 'சீரியல்' என்று எழுதினால் கிடைப்பதும் இந்த 4 பைட் வகையே. பிறகு பிக்இன்ட்டாக மாற்றினால் டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படும். அதுவரை யாரும் படிக்கக்கூட முடியாத பூட்டு விழும். முதல் நாளே பிக்இன்ட் வையுங்கள். ஒரு பதிவுக்கு 4 பைட் மிச்சம் பிடிப்பதற்காக இந்தத் துன்பம் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, அது சொல்லும் கதை. திங்கட்கிழமை நான் போட்ட ஆர்டர் 10,420, அடுத்த திங்கள் போட்டது 11,130 என்றால் அந்தக் கடையின் ஒரு வார வியாபாரம் என் கையில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கைப்பற்றிய ஜெர்மானியத் தாங்கிகளின் வரிசை எண்களைக் கொண்டே மாத உற்பத்தியைக் கணித்தார்கள். போருக்குப் பின் ஜெர்மானியக் கணக்கேடுகள் கிடைத்தபோது, உளவாளிகள் சொன்னதைவிட அந்தக் கணிப்பே உண்மைக்கு மிக நெருக்கமாக இருந்தது. போட்டியாளருக்கும் இது தெரியும்.

மூன்றாவது: எண்ணை டேட்டாபேஸ் மட்டுமே தர முடியும். சிக்னல் இல்லாத கிராமத்தில் கணக்கெடுக்கும் செயலி, பதிவையும் அதன் துணைப் பதிவுகளையும் உருவாக்கி வைத்துக்கொண்டு பிறகு அனுப்ப நினைத்தால் இந்த முறையில் திண்டாடும்.

அப்புறம், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் எழுதினால் அந்தக் கடைசிப் பக்கத்துக்கே எல்லோரும் முட்டி மோதுவார்கள். இந்த நெரிசலுக்காகவே மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2019-இல் தனியாக ஓர் அமைப்பு கொண்டுவந்தார்கள். ஆனால் பெரும்பாலான செயலிகள் அந்த அளவை எட்டுவதில்லை.

ஒரே டேட்டாபேஸ், கீ உள்ளுக்குள்ளேயே இருக்கும் என்றால் இதையே வையுங்கள்.

## யூயூஐடி வி4

122 பிட் தற்செயல் எண். யாரும் யாரையும் கேட்காமல் எங்கே வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம், நடைமுறையில் மோதாது. இந்தச் சுதந்திரத்துக்காகத்தான் இதை விரும்புகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

இப்போது இன்னோடிபியில் ஒரே ஒரு பதிவை எழுதும்போது நடப்பதை அருகில் போய்ப் பார்ப்போம். பதிவு ஒன்று சுமார் 200 பைட் என்றால் ஒரு பக்கத்தில் எழுபது பதிவுகள் அடங்கும். 1 கோடிப் பதிவுகளுக்குச் சுமார் 1,43,000 பக்கங்கள், அதுவும் நன்றாக நிரம்பியிருந்தால். புதிய கீ 'சி7' என்று தொடங்குகிறது (யூயூஐடியைப் பதினாறடிமான எண்ணாக எழுதுவார்கள்). அது போக வேண்டிய பக்கம் மரத்தின் நடுவில் எங்கோ இருக்கிறது. கடைசியாக அதை எப்போது தொட்டோமோ தெரியாது, ஆகவே வட்டிலிருந்து படிக்க வேண்டும். படித்தால் பக்கம் நிரம்பியிருக்கிறது. புதிய பக்கம் ஒன்றை எடுத்து, பாதிப் பதிவுகளை அங்கே நகர்த்தி, மேல்தளத்தில் அதற்கு ஒரு வரி சேர்த்து, பிறகுதான் நம் பதிவை வைக்க முடியும். இரண்டு பக்கமும் இப்போது பாதி காலி. இரண்டையும் வட்டில் எழுத வேண்டும், பாதியில் அறுந்தால் மீட்பதற்கான டபுள்ரைட் பகுதியில் ஒருமுறை, சொந்த இடத்தில் ஒருமுறை. 200 பைட்டுக்காக இவ்வளவும். அடுத்த கீ '1ஏ' என்று தொடங்கும், கதை முதலிலிருந்து.

பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் பஃபர் பூலுக்குள் டேபிள் முழுவதும் அடங்கும் வரை இதில் பெரிய வலி தெரியாது. தாண்டியதும் தெரியும். நிரலில் ஒரு வரி மாறியிருக்காது. போன மாதம் நிமிடங்களில் முடிந்த இறக்குமதி வேலை இந்த மாதம் விடிய விடிய ஓடும். சர்வரை நிறுவியபடியே விட்டால் பஃபர் பூல் வெறும் 128 எம்பி என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். சோதனையின்போது பத்தாயிரம் பதிவுகளை வைத்துப் பார்த்து "வித்தியாசமே இல்லையே" என்று சொல்கிறவர்கள் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்கிறார்கள்.

படிப்பதிலும் இதே கதைதான். சமீபத்திய ஐம்பது ஆர்டர்கள் ஐம்பது பக்கங்களில் சிதறிக் கிடக்கும். 10 கேபி தகவலுக்காக 800 கேபி நினைவகத்துக்குள் வரும்.

போஸ்ட்கிரஸில் அடி இவ்வளவு பலமாக விழாது. பதிவு சிட்டையின் கடைசியிலேயே சேர்ந்துவிடும், சிதறுவது பிரைமரி கீ மரம் மட்டும். ஆனால் அங்கே வேறொரு செலவு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு செக்பாயிண்டுக்குப் (நினைவகத்தில் மாறிய பக்கங்களை வட்டில் எழுதி முடிக்கும் கட்டம்) பிறகும் ஒரு பக்கத்தை முதல்முறை மாற்றும்போது, மின்சாரம் போனாலும் மீட்டெடுக்கும்படி, அந்தப் பக்கத்தை முழுவதும் டபிள்யூஏஎல் என்ற, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில் எழுதுவார்கள். செக்பாயிண்ட் முடிந்தவுடன் 1,000 பதிவுகளைச் சேர்த்தால் வி4 கீ ஏறக்குறைய ஆயிரம் வேறு வேறு இலைகளைத் தொடும்: இண்டெக்ஸுக்காக மட்டும் சுமார் 8 எம்பி. பிக்இன்ட்டில் அந்த ஆயிரமும் மூன்று நான்கு இலைகளில் அடங்கிவிடும். இந்தப் பதிவேட்டைப் படித்து ஓடும் நகல் சர்வரான ரெப்ளிகா பின்தங்குகிறது, பேக்கப் வீங்குகிறது என்றெல்லாம் வருகிற புகார்கள் சிலவற்றுக்கு வேர் இங்கே இருக்கும்.

வி4 ஜெயிக்கும் இடமும் உண்டு. கூகிளின் ஸ்பானர் மாதிரி, கீயின் வரம்பை வைத்துப் பதிவுகளைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டேட்டாபேஸில் ஏறுவரிசைக் கீ வைத்தால் எழுதும் சுமை முழுவதும் ஒரே இயந்திரத்தின் தலையில் விழும். அங்கே சிதறல்தான் வேண்டும். உருவான நேரம்கூட வெளியே தெரியக் கூடாத பதிவுகளுக்கும் இதுவே பொருத்தம்.

### எழுத்து வடிவில் வைப்பது மட்டும் வேண்டாம்

இதை ஒரு தேர்வாகவே நான் எண்ணவில்லை. ஆனாலும் சார்(36), அதாவது 36 எழுத்துகள், என்று வைத்த டேபிள்களை அடிக்கடி பார்க்கிறேன். இன்னோடிபியில் பிரைமரி கீயின் நகல் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் போகும் என்றேன் அல்லவா? ஐந்து இண்டெக்ஸ், 1 கோடிப் பதிவுகள் என்றால் பிக்இன்ட்டைவிட ஒவ்வொரு நகலுக்கும் 28 பைட் கூடுதல், மொத்தம் 1.4 ஜிபி, ஒரு புதிய தகவலும் இல்லாமல். போஸ்ட்கிரஸில் யூயூஐடி என்றே ஒரு வகை இருக்கிறது, மைஎஸ்கியூஎல்லில் பைனரி(16) இருக்கிறது. இரண்டும் 16 பைட்தான்.

## யூயூஐடி வி7

2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் இதை முறைப்படுத்தியது. முதல் 48 பிட்டில் மில்லிசெகண்ட் கணக்கில் நேரம், மிச்சத்தில் பெரும்பகுதி தற்செயல். நேரம் முன்னால் இருப்பதால் புதிய கீகள் மரத்தின் வலது ஓரத்துக்கே வருகின்றன. எங்கே வேண்டுமானாலும் உருவாக்கும் சுதந்திரமும் போகவில்லை. மேலே சொன்ன பக்கம் பிளக்கும் துயரம் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிடுகிறது. எனக்கு இது உண்மையிலேயே மகிழ்ச்சியான விஷயம். பல வருடங்களாக ஆளாளுக்குச் சொந்தமாகச் செய்து பார்த்த ஒன்று இப்போது பொது விதியாகிவிட்டது. போஸ்ட்கிரஸ் 18-இல் இதற்கான ஃபங்ஷன் உள்ளேயே வந்துவிட்டது. மைஎஸ்கியூஎல்லில் செயலியிலேயே உருவாக்கி பைனரி(16)-இல் வைக்கலாம்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0-இல் யூயூஐடியை 16 பைட்டாக மாற்றித் தரும் ஃபங்ஷனுக்கு இரண்டாவதாக 1 என்று கொடுத்தால் நேரப் பகுதிகளை இடம் மாற்றி வைக்கும். அது யூயூஐடியின் பழைய பதிப்பான வி1-க்காகச் செய்தது. அதே 1-ஐ வி7-க்கும் கொடுத்தால் நேரம் பின்னால் போய், தற்செயல் பிட்டுகள் முன்னால் வந்து நிற்கும். வி7 வாங்கியதே வீண். எஸ்கியூஎல் சர்வரிலும் கவனம் வேண்டும்: யூயூஐடி வைக்கும் அதன் யூனிக்ஐடென்டிஃபையர் வகை கடைசி 6 பைட்டை வைத்துத்தான் முதலில் வரிசைப்படுத்துகிறது. வி7-இல் அந்த இடத்தில் இருப்பது தற்செயல்.

காட்டிக்கொடுக்கும் விஷயம்: கீயைப் பார்த்தவருக்குப் பதிவு உருவான மில்லிசெகண்ட் தெரியும். பற்றுச்சீட்டுக்குப் பரவாயில்லை. ஒரு நோயாளியின் பரிசோதனைப் பதிவுக்கு யோசிக்க வேண்டும். எந்தப் பதிப்பாக இருந்தாலும் சரி, யூயூஐடியை யாரும் ஊகிக்க முடியாது என்று நம்பி அனுமதிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். அதைப் பாதுகாப்புச் சாவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 4122-லேயே எழுதியிருக்கிறார்கள்.

பல சர்வர்களோ மொபைல் செயலியோ கீயை உருவாக்க வேண்டுமென்றால் என் முதல் தேர்வு இதுதான். 8 பைட்டுக்குள் இதே குணம் வேண்டுமென்றால் ட்விட்டர் 2010-இல் கொண்டுவந்த ஸ்னோஃபிளேக் முறை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி எண் கொடுத்துப் பராமரிக்க வேண்டும். இந்தக் கீயை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு எண்ணாக அனுப்பினால் 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டிக் கடைசி இலக்கங்கள் மாறிப்போகும், எழுத்தாகத்தான் அனுப்ப வேண்டும்.

## உள்ளே எண், வெளியே யூயூஐடி

பிரைமரி கீ பிக்இன்ட், கூடவே யூயூஐடிக்கு ஒரு நெடுவரிசை, அதன் மேல் யூனிக் இண்டெக்ஸ். டேபிள்களுக்கு இடையிலான உறவுகள் எல்லாம் 8 பைட்டில் ஓடும். முகவரிப் பட்டையில் யூயூஐடி தெரியும். இன்னோடிபியில் பதிவுகள் சிதறாமல் இருக்க இது நல்ல வழி. ஆனால் இலவசம் இல்லை: அந்த நெடுவரிசை வி4 என்றால் சிதறல் அந்தச் சிறிய மரத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தேடலும் இரண்டு மரம் இறங்கும். எந்த ஐடியை எங்கே அனுப்புவது என்று குழுவில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கவும் வேண்டும்.

## வாடிக்கையாளர் எண்ணை முன்னால் வைத்த கூட்டுக் கீ

இன்னோடிபி வைத்திருப்பவர்கள் பலரும் யோசிக்காமல் கடந்துபோகும் வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஒரு வாடிக்கையாளர் மூன்று வருடங்களில் 40 ஆர்டர் போட்டிருக்கிறார். ஆட்டோ எண் வைத்த டேபிளில் அவை 40 பக்கங்களில் கிடக்கும். பிரைமரி கீயை வாடிக்கையாளர் எண், ஆர்டர் எண் என்ற வரிசையில் வைத்தால் நாற்பதும் பேரேட்டின் ஒரே பக்கத்தில், மிஞ்சிப்போனால் இரண்டில். "என் ஆர்டர்கள்" திரை ஒரு தடவை இறங்குவதோடு முடிந்தது.

இதற்கு விலை எழுதும்போது: புதிய பதிவுகள் மரத்தின் பல இடங்களில் விழும், பக்கங்கள் பிளக்கும். மற்ற இண்டெக்ஸ்களுக்கு 16 பைட் நகல் போகும். ஆட்டோ எண் ஏதாவது ஓர் இண்டெக்ஸின் முதல் நெடுவரிசையாக இருக்க வேண்டும் என்று இன்னோடிபி கேட்பதால் ஆர்டர் எண்ணுக்குத் தனி இண்டெக்ஸும் வேண்டும். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும் வாடிக்கையாளரை வைத்தே தொடங்குகிற செயலிக்கு மட்டும் இதைச் சொல்வேன். போஸ்ட்கிரஸில் இந்த வித்தை பலிக்காது. கிளஸ்டர் கட்டளை டேபிளை ஒருமுறை அடுக்கித் தரும், அதுவும் டேபிளைப் பூட்டிவிட்டு. அடுத்த நாள் வரும் பதிவுகள் மறுபடி வந்த வரிசையில்தான் உட்காரும்.

## ஏற்கெனவே வி4 ஓடிக்கொண்டிருந்தால்

மூவரில் ஒருவருடைய நிலை இதுதான். போஸ்ட்கிரஸ், யூயூஐடி வகை நெடுவரிசை, சில கோடிப் பதிவுகள். எல்லாவற்றையும் பிடுங்கி நட வேண்டாம் என்று சொன்னேன். நெடுவரிசை அப்படியே இருக்கட்டும், புதிய பதிவுகளுக்கு மட்டும் வி7 உருவாக்குங்கள். இன்றைய வி7 கீகள் எல்லாம் '01' என்று தொடங்குகின்றன, ஆகவே வி4 நிறைந்த மரத்தில் அவை ஒரே மூலையில் போய்ச் சேரும். மற்ற இலைகளை எழுதுவதற்காக யாரும் தொடமாட்டார்கள். நினைவகம் மெல்ல விடுபடும்.

மாற்றுவதற்கு முன்னால் பிஜிஸ்டாட்டப்பிள் எக்ஸ்டென்ஷனில் உள்ள பிஜிஸ்டாட்இண்டெக்ஸ் ஃபங்ஷனை ஓடவிட்டு இலைகள் சராசரியாக எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 70-ஐ ஒட்டி இருந்தால், மாற்றிய பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி கொடுத்து மரத்தை ஒருமுறை இறுக்கலாம். போஸ்ட்கிரஸ் 12 முதல் இது எழுதுவதை நிறுத்தாமல் நடக்கும். இன்னும் ஒன்று: ஐடியை வரிசைப்படுத்தினால் நேர வரிசை கிடைக்கும் என்று யாராவது கோட் எழுதத் தொடங்குவார்கள். பழைய வி4 பதிவுகளுக்கு அது பொருந்தாது, அதனால் உருவான நேரத்துக்கான நெடுவரிசையை எடுத்துவிடாதீர்கள்.